மூச்சு இருப்பவர்

பங்குச் சாமி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். மைக்கில் போகும் குரல் முதலில் ஒரு தடவையும், எதிரே ஒன்பதாம் வகுப்புக் கட்டடத்தில் பட்டுத் திரும்பி இன்னொரு தடவையும் காதில் விழுகிறது, அதனால் என் தம்பி பாஸ்கல் ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு முறை சாகிறான். "நம் பள்ளியின் முன்னாள் மாணவர், தீயணைப்பு வீரர் பாஸ்கல் மாணிக்கம், சென்ற ஆண்டு இதே நாளில் தன் இன்னுயிரை ஈந்து..." ஈந்து, என்கிறது கட்டடம். வெயில் மேடைவரைக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள், முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் ஒரு காலை மடக்கி மறு காலில் நிற்கிறாள், மயக்கம் போட்டு விழுந்துவிடுவாளோ என்று என் கண் அவளிடமே போகிறது, இது நர்ஸ் புத்தி, கூட்டத்தைப் பார்த்தால் யார் விழப்போகிறார்கள் என்று தேடுவது. பக்கத்து நாற்காலியில் அம்மா கைகளை மடியில் கோத்துக்கொண்டு, பூசையில் பிரசங்கம் கேட்கிற மாதிரியே உட்கார்ந்திருக்கிறாள். போர்த்திவிட்ட பொன்னாடை அவள் தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன், அதற்குள் அவளே இழுத்துக்கொண்டாள். இப்படித்தான் ஒரு வருஷமாக எல்லாவற்றையும் அவளே செய்துகொள்கிறாள். நான் போட்ட காப்பி ஆறிப்போய்க் கிடக்கும், அவள் அடுப்பைப் பற்றவைத்துத் தனக்கென்று வேறு போட்டுக்கொள்வாள். தலை சீவிவிடட்டுமா என்றால் வேண்டாம் என்பாள். துக்கம் ஒவ்வொருவரை ஒவ்வொரு மாதிரி ஆக்கும், ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறேனே. மேசைமேல் அவன் படம். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அவனுக்குப் பல்வலி, இடது கன்னம் லேசாக வீங்கியிருக்கும், தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு யாரோ ஒரு வீரன் முறைப்பது போல இருக்கும். அவன் முறைக்கவில்லை பிள்ளைகளே, பல்லைப் பிடுங்கப் பயந்துகொண்டு ஒரு கிராம்பை வைத்து அமுக்கிக்கொண்டு நிற்கிறான்.

"அப்பா, அம்மா, அக்கா, தம்பி என்று சேவைக்காகவே பிறந்த ஒரு குடும்பம்" என்கிறார் சாமி. நல்ல மனுஷர், போன வருஷம் அடக்கத்தின்போது குரல் உடைந்து பாதியில் நிறுத்தியவர், அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் யாராவது சேவைக்காகப் பிறப்பார்களா. அப்பா வேலைக்காகத்தான் போனார். லாரியில் கிளீனராக இருந்தவர், ஊருக்கு வெளியே கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் நடத்திய தொழுநோயாளர் இல்லத்துக்கு வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்றதும், வீட்டுக்குப் பக்கம், ராத்திரி வந்து படுக்கலாம் என்று சேர்ந்தார். அவ்வளவுதான். சேர்ந்த புதிதில் அங்கே ஒரு பெரியவர் இறந்துபோனார், தூக்க ஆள் வரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாராம். பிறகு இறங்கிப் போய்க் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, அதே வேனில் கல்லறைக்குக் கொண்டுபோய், குழி வெட்டியவரோடு தானும் மண்வெட்டி பிடித்தார். அதற்குப் பிறகு அதுவும் அவர் வேலையாகிவிட்டது, யாரும் சொல்லவில்லை, அவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை, வேனுக்குள் உட்கார்ந்து அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு இப்போது தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது, கேட்க அவர் இல்லை. அம்மா அதே இல்லத்தில் சமையல். என் வகுப்பில் ஒருத்தி என் சாப்பாட்டு டப்பாவைத் தொடமாட்டாள், தொட்டால் விரல் விழுந்துவிடும் என்பாள், நான் வீட்டுக்கு வந்து விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்வேன். கிறிஸ்மஸ் அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் அங்கே பரிமாறி, கழுவிக் கவிழ்த்துவிட்டு வர சாயங்காலம் ஆகிவிடும், தெருவில் எல்லா வீட்டிலும் கறி தின்று தூங்கி எழுந்திருப்பார்கள், நாங்கள் இரண்டு பேரும் புதுச்சட்டை கசங்க வாசற்படியில் உட்கார்ந்திருப்போம். "இயேசு பொறந்து எவ்வளவு நேரமாச்சு, நம்ம வீட்டுக்கு மட்டும் ஏங்க்கா சாயங்காலம் வர்றாரு?" என்று பாஸ்கல் ஒரு தடவை கேட்டான். அப்பா சைக்கிளை நிறுத்திக்கொண்டே, "வழியில நாலு பேரைப் பாத்துட்டு வர்றாருடா" என்றார். அவன் சிரிக்கவில்லை. "மொதல்ல நம்மளப் பாத்துட்டு அப்புறம் அவங்களப் பாக்கட்டும்" என்றான். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, இந்த மைக்கைப் பிடித்து. அவன் முதலில் தனக்குக் கேட்டவன், பிள்ளைகளே. எல்லோரையும் போல.

என்னையும் பேசச் சொல்லிவிடுவார்களோ. போனில் சாமி, "ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும் சிஸ்டர்" என்றார், நர்ஸ் என்பதால் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அக்கா என்று கூப்பிட இருந்த ஒருவன் போய்விட்டான். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. என்ன பேசுவது. இந்தப் பள்ளிக்கூடத்தில் அவன் வாங்கிய பரிசு ஒன்றுகூடக் கிடையாது. கணக்கில் தேறவில்லை. சாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவனிடம், "உங்கிட்ட பாவம் நெறைய இருக்கா, எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரலை, ரெண்டு குடுடா" என்று கேட்டு உதை வாங்கினான். பந்து பிடிக்கப் போய் இரும்புக் கம்பத்தில் மோதி மோவாயில் ஒரு தழும்பு, தாடி வளர்த்தாலும் அந்த இடத்தில் முளைக்காது. அதைத்தான் நான் முதலில், இல்லை, அது வேண்டாம், இப்போது வேண்டாம். கிணறு என்றால் அவனுக்குப் பயம். இங்கே பள்ளி விடுதிக்குப் பின்னால் இருந்த கிணற்றில் பந்து விழுந்தால் எட்டிப் பார்க்கவே மாட்டான், உள்ளே இருந்து யாரோ மேலே பார்ப்பது போல இருக்கிறது என்பான். தீயணைப்பில் வேலை கிடைத்ததும் நான் அதைத்தான் கேட்டேன், "கெணத்துல எறங்கச் சொன்னா என்னடா செய்வ?" அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "அதெல்லாம் எப்பவாச்சும்தாங்க்கா. மத்தபடி வைக்கோல்போரு எரியும், வீட்டுக்குள்ள பாம்பு வரும், பூனை மரத்துல ஏறிக்கும்" என்றான். அவன் சீருடையோடு நின்றதைப் பார்த்துவிட்டு அடுத்த மழைக்காலத்தில் அப்பா போனார், மாரடைப்பு. இல்லத்தில் இருந்தவர்கள் அதே வேனில் வந்து இறங்கினார்கள், சிலர் விரல் இல்லாத உள்ளங்கைகளால் மண்ணைத் தள்ளினார்கள். பாஸ்கல் குழி ஓரத்தில் நின்றுகொண்டு என் காதில், "இத்தனை பேரு எனக்கு வர மாட்டாங்கக்கா" என்றான். வந்தார்கள். அப்பாவுக்கு வந்ததைவிட அதிகம் வந்தார்கள், மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள், பேண்டு வாத்தியம், துப்பாக்கி மரியாதை. அவன் இருந்திருந்தால் தலையைச் சொறிந்துகொண்டு கூட்டத்தின் பின்னால் போய் நின்றிருப்பான்.

"கிணற்றுக்குள் சிக்கிய ஒரு கூலித் தொழிலாளியைக் காக்க" என்று சாமி அந்த இடத்துக்கு வந்துவிட்டார். வராமல் முடியுமா. தூர் வாரிய கிணறு, தண்ணீர் இறைக்க உள்ளே திட்டில் ஆயில் இன்ஜினை இறக்கி ஓட்டியிருக்கிறார்கள், புகை மேலே வர வழியில்லாமல் கிணறு முழுக்க நிறைந்துவிட்டது, சடையாண்டி என்பவர் அடியில் விழுந்து கிடந்தார். பாஸ்கல் முகமூடி மாட்டிக்கொண்டு, முதுகில் காற்று உருளையோடு, கயிற்றில் இறங்கினான். கீழே போய்ப் பார்த்தால் அந்த ஆளுக்கு மூச்சு அறுந்துகொண்டிருக்கிறது. தன் முகமூடியைக் கழற்றக் கூடாது, பயிற்சியில் அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள், என்னிடம் அவனே சொல்லியிருக்கிறான், கழற்றினால் ரெண்டு பேரும் காலிக்கா என்று. கழற்றினான். கழற்றி அவர் முகத்தில் மாட்டி, உருளையோடு அவரைத் தன் கயிற்றில் கட்டி, கயிற்றை ஆட்டினான். மேலே இருந்தவர்கள் தூக்கினார்கள், தூக்கிப் பார்த்தபோதுதான் முகமூடி யார் முகத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. அடுத்தவர் இறங்கியபோது பாஸ்கல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான் என்று சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நினைத்தான். யாரோ மேலே பார்ப்பது போல இருக்கிறது என்பானே, அன்றைக்கு அவன்தான் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா வேனுக்குள் உட்கார்ந்திருந்தது, இவன் அங்கே உட்கார்ந்திருந்தது, ஏன் எனக்கு இரண்டும் ஒன்றாகவே வருகிறது. அன்றைக்கு அவசரப் பிரிவில் எனக்குப் பகல் முறை. இரண்டு பேரையும் ஒரே வண்டியில் கொண்டுவந்தார்கள். முகமெல்லாம் சேறு, முதல் ஸ்ட்ரெச்சரைக் கடக்கும்போது மோவாய், அந்தத் தழும்பு, சேறு அதை மூடவில்லை. டாக்டர் குனிந்து கண்ணைத் திறந்து விளக்கடித்தார், கழுத்தைத் தொட்டார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், நிமிர்ந்தார். வேலைக்கு வந்து கொஞ்ச நாளே ஆன சின்னப் பையன் அவர், இது என் தம்பி என்று அவருக்குத் தெரியாது, எப்படித் தெரியும். "சிஸ்டர், மூச்சு இருக்கிறவரைப் பாருங்க, சீக்கிரம்" என்றார். நான் திரும்பினேன். என் கை ஆக்சிஜனைத் திறந்தது, முகத்தில் மாட்டியது, நரம்பு தேடியது, ஊசி ஒரே குத்தில் ஏறியது, ஒரே குத்தில், பதற்றமே இல்லாமல். சடையாண்டியின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன், எனக்கு முதுகுப் பக்கம் என் தம்பி கிடந்தான், யாரோ அவன்மேல் துணி போட்டார்கள், துணி விரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் போனேன். எல்லாம் முடிந்த பிறகு. என் கை ஏன் நடுங்கவில்லை. ஒரு தடவையாவது நடுங்கியிருக்கலாம், ஊசி தவறியிருக்கலாம், அக்காவின் கை என்று தெரிகிற மாதிரி ஏதாவது. வீட்டில் சோறு பிசையும்போது, தலை துவட்டும்போது, இந்தக் கையா என்று பார்ப்பேன். அம்மாவிடம் இதைச் சொன்னதில்லை. நான் பணியில் இருந்தேன் என்று அவளுக்குத் தெரியும், அவனை நான்தான் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள், நினைத்துக்கொள்ளட்டும், அக்கா பக்கத்தில் இருந்தாள் என்பது ஒரு ஆறுதல்தானே.

சடையாண்டி வந்திருக்கிறார். அதோ, சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேடைக்கு நேராக நிற்கக் கூச்சப்பட்டுத் தூண் மறைவில். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், அம்மா சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு வருகிறார், முருங்கைக்காயோ ஒரு கட்டுக் கீரையோ கொண்டுவந்து வைத்துவிட்டு உட்காருவார். அம்மா காப்பி கொடுப்பாள், இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டார்கள், மழை வருமா என்பார், வரும்போலத்தான் இருக்கு என்பாள். நான் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. அவர் நல்லவராக இருப்பார், இருக்கட்டும், எனக்கு அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டாலே எழுந்து போய்விட வேண்டும். அது யாருடைய மூச்சு என்று நினைக்கத் தோன்றும். அப்படி நினைப்பது பாவம், அதுவும் தெரியும்.

"இப்போது வீரர் பாஸ்கலின் தாயார் அமலோற்பவம் அம்மாள்" என்கிறார் சாமி. என்னைக் கூப்பிடவில்லை. நான் எழுந்து அவள் கையைப் பிடிக்கப் போனேன், அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து போய்விட்டாள். மைக்குக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறாள், சாமி அதை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிள்ளைகளைப் பார்த்தாள். "எம்மவன் சாகணும்னு எறங்கலை" என்றாள். "மேல வந்து சோறு திங்கணும்னுதான் எறங்கினான். அன்னைக்கு மத்தியானம் எலும்புக் கொழம்பு வைக்கச் சொல்லிட்டுப் போனான், வச்சிருந்தேன். எல்லாரும் தியாகம் தியாகம்னு சொல்றாங்க, எனக்கு அதெல்லாம் தெரியாது. இங்க இருக்கிற புள்ளைங்க யாரும் உசுரக் குடுக்கணும்னு நெனைக்காதீங்க. காப்பாத்துங்க. காப்பாத்திட்டு வீட்டுக்கு வந்துருங்க. வீட்டுல தேடுவாங்க." அவ்வளவுதான், திரும்பி வந்து உட்கார்ந்தாள். யாரும் கை தட்டவில்லை, தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு காலில் நின்ற சின்னப் பெண் இரண்டு காலையும் ஊன்றி நின்று அம்மாவையே பார்த்தாள். பிறகு ஒரு செபம், ஒரு பாட்டு, பிள்ளைகள் வகுப்புகளுக்குள் போனார்கள், மைதானம் ஒரு நொடியில் காலியாகிவிட்டது.

சாமி காப்பிக்குக் கூப்பிட்டார், அம்மா இன்னொரு நாள் வருகிறோம் என்றாள். புங்கமரத்து நிழல்வரை நடந்து வந்தவள் நின்றுவிட்டாள். மூட்டு வலிக்கிறதோ என்று நினைத்தேன். "நீ பேச வேண்டியதுதான" என்றாள். "எனக்கு வரலம்மா." "என்ன வரலை?" நான் கீழே கிடந்த புங்கங்காயைக் காலால் தள்ளினேன். அவள் என்னைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே, "சடையாண்டி எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டான், வந்த மொத நாளே" என்றாள். "வார்டுல ஆயா சொல்லிச்சாம் அவன்கிட்ட. பக்கத்துல கூடப்பொறந்தவன் கெடக்க, இந்தச் சிஸ்டருதான்யா உனக்கு மூச்சு குடுத்துச்சுன்னு." ஒரு வருஷம். முதல் நாளிலிருந்தே இவளுக்குத் தெரியும். "அம்மா" என்றேன். "எனக்கு உம்மேல கோவம் பிலோமி. பெரிய கோவம். எவனோ ஒருத்தனுக்குப் போயி... தம்பியத் தொட்டுக்கூடப் பாக்காம. உங்கையால ஒரு வாய் காப்பி குடிக்கப் புடிக்கலை. உனக்குத் தெரிஞ்சுதா அது?" "தெரியலம்மா. துக்கம்னு நெனச்சேன்." "துக்கமுந்தான்" என்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன், டாக்டர் பார்த்துவிட்டார், வரும்போதே மூச்சு இல்லை, நான் தொட்டிருந்தாலும் ஒன்றும், வார்த்தைகள் ஆஸ்பத்திரி வார்த்தைகளாகவே வந்தன, வெளியே நிற்கும் உறவுக்காரர்களிடம் சொல்கிற அதே வார்த்தைகள், அவள் கையை அமர்த்தினாள். "தெரியும்டி. தெரிஞ்சும் கோவம். உங்கப்பா இருந்தா உன்னைய ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாரு, செஞ்சது சரின்னுருப்பாரு. அதுக்கும் சேத்துக் கோவம்." "இப்ப?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி. அவள் யோசித்தாள், பொய் சொல்லப் பிடிக்காதவள் யோசிப்பது போல யோசித்தாள். "இப்பவும் கொஞ்சம் கெடக்கு. போகும்." பிறகு, "என்ன செய்யிறது, நாங்க பெத்ததெல்லாம் இப்படியே வந்து வாய்ச்சிருக்கு" என்றாள், அதைச் சொல்லும்போதுதான் அவள் வாய் கோணியது. அடக்கத்தன்று நான் அழவில்லை, முப்பதாம் நாள் பூசையிலும் அழவில்லை, இங்கே, வகுப்புக்குள் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது, எனக்கு அழுகை வந்தது, நின்றுகொண்டே, சத்தமாக. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள், அவ்வளவு நாளுக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டாள், அடுப்படி வேலையில் காய்த்துப்போன கை, சூடாக இருந்தது.

"போதும், போயி அவனைக் கூப்பிடு" என்றாள் பிறகு. "பஸ்ஸு வரதுக்குள்ள மூணு பேரும் ஏதாச்சும் சாப்பிடுவோம். காலையில இருந்து ஒண்ணும் தின்னுருக்க மாட்டான்." நான் போக மாட்டேன் என்றுதான் நினைத்தேன், கால் நடந்தது. சடையாண்டி நான் வருவதைப் பார்த்து அவசரமாகச் செருப்பைத் தேடினார், பிறகு செருப்பை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும், தலை நரைத்துவிட்டது. இவ்வளவு பக்கத்தில் நான் இவரை அன்றைக்குப் பிறகு பார்த்ததே இல்லை. அப்போதுதான் அது காதில் விழுந்தது, ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் ஒரு சின்ன விசில், இழுத்து இழுத்து, தூணில் சாய்ந்து நிற்கிறவருக்கு இவ்வளவு இரைக்கக் கூடாது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. உதட்டில் லேசாக நீலம் பாரித்திருக்கிறதா, வெளிச்சம்தான் அப்படியா, நான் இன்னும் கொஞ்சம் கிட்டே போனேன்.

"எவ்வளவு நாளா இப்படி இரைக்குது?" என்று கேட்டேன்.

"அது கெடக்குதுங்க சிஸ்டரு. மேடு ஏறினாத்தான்."

"சும்மா நிக்கறப்பவே இரைக்குது. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வாங்க, நெஞ்சுப் படம் எடுத்துப் பாக்கணும்."

அவர் அம்மா நிற்கும் பக்கம் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "நான் வந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே" என்றார்.

இருக்கும். இல்லை என்று சொன்னால் பொய்.

"இருக்கும்" என்றேன். "வாங்க. நான் இருப்பேன்."